பாரதி பாடிய வால்நட்சத்திரம் இப்போ எங்கே?

டிசம்பர் 11 வந்தால் நம்ம ஊர் பூரா பாரதி பாட்டுதான். ஆனால் போட்டியில் யார் மேடை ஏறினாலும் பாப்பா பாட்டுதான். 'சாதாரண வருஷத்துத் தூமகேது'வை ஏன் யாரும் தொடுவதில்லை? 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது, புதுச்சேரியில் இருந்த பாரதி பாடியது அது. வால்நட்சத்திரத்தையே கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேட்பார்! ('சாதாரண' என்பது தமிழ் வருஷத்தின் பேர். நானும் முதல்ல ஏதோ சாதா வருஷம்னுதான் நினைச்சேன்.)

உண்மையில் அது ஒரு அழுக்குப் பனிக்கட்டி. நீளம் சுமார் 15 கி.மீ., இங்கிருந்து கோவில்பட்டி தூரம்! 1986-ல் ஜியோட்டோ விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. நம்ம கரிசல் மண் மாதிரி கன்னங்கரேல்னு இருந்ததாம். சூரியன் பக்கம் வந்தால்தான் பனி ஆவியாகி வால் முளைக்கும். இப்போ வால் கிடையாது. நெப்டியூனுக்கும் அப்பால் இருட்டில் கிடக்கு. 2023 டிசம்பர் 9-ல், பாரதி பிறந்தநாளுக்கு இரண்டே நாள் முன்னால், சூரியனிலிருந்து சுமார் 525 கோடி கி.மீ. தூரம் போய்த் திரும்பியது. இனி 2061-ல்தான் வரும். அப்போ நமக்கு ஐம்பது வயசு!

தமிழ் ஐயாவுக்கும் அறிவியல் டீச்சருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருஷப் போட்டியில் தூமகேதுவையும் சேருங்கள். ஒப்பிக்க நான் ரெடி. பரிசு கிடைக்காட்டியும் பரவாயில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி