ஆபரேஷன் பவனும் நம் செலக்டிவ் அம்னீசியாவும்

தீவில் நடந்த போர் என்று சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர் ஐவோ ஜிமா என்பார்கள். ஹாலிவுட் புண்ணியம். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் தீவில் நம் ராணுவமே சண்டை போட்டதே, அதைக் கேட்டுப் பாருங்கள். "அமைதிப்படையா? சத்யராஜ் படம்தானே!"

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1987 ஜூலை 29-ல் ராஜீவ் - ஜெயவர்த்தனே ஒப்பந்தம். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு மோதியது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நடந்ததுதான் ஆபரேஷன் பவன். முதல் இரவே, யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட 30 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்களில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர்தான். நம்ம வெலிங்டனில் மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 5-வது பட்டாலியனும் யாழ்ப்பாணச் சண்டையில் இருந்தது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 பேர் உயிரோடு இல்லை.

இதை நாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறோம்? இரண்டு கோஷ்டியாக.

முதல் கோஷ்டிக்கு வீரம் மட்டும் போதும். 1987 நவம்பர் 25-ல் உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ் ஆஸ்பத்திரிக்குள் நம் படை சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று அறுபது எழுபது பேர் செத்ததைச் சொல்லிப் பாருங்கள். உடனே தேசத்துரோகி பட்டம். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பு. சரி, மறுநாள் காலை கையைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டரையும் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

இரண்டாவது கோஷ்டி, திரும்பி வந்த சிப்பாயின் முகத்தையே பார்க்க மறுத்தது. சென்னையில் வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்ற கோபம். கோபம் நியாயம், ஆனால் விலாசம் தப்பு. அனுப்பியது டெல்லி. ஆஸ்பத்திரியில் சுட்டவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக 1,200 பேரின் சாவைப் பற்றியே பேசக்கூடாதா? பரமேஸ்வரனும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான்.

பி.காம். முதல் வருஷத்திலேயே ஒற்றைப் பதிவுக் கணக்கை நம்பாதே என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டு கோஷ்டியும் வைத்திருப்பது ஒற்றைப் பதிவுதான். ஒரு பக்கத்துச் சாவை இன்னொரு பக்கத்துச் சாவில் கழித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டையும் எழுது என்கிறேன்.

எழுதியவர் இருந்தார். யாழ் பல்கலைக்கழக உடற்கூறியல் ஆசிரியை ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். இந்தியப் படை, புலிகள், இலங்கை ராணுவம், யாரையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 35 வயது. புலிகள்தான் சுட்டார்கள் என்பது அவர் குடும்பத்தார் சொல்வது. நடுவில் நின்று பேசுவது கோழைத்தனம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

நீலகிரிக்காரனுக்கு இதில் என்ன வந்தது? நிறைய. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே டேன்டீ எஸ்டேட்டுகளே வந்தன. அவர்கள் மலையகத்தார், யாழ்ப்பாணத்தார் அல்ல. ஆனால் அந்தத் தீவில் தமிழனாக இருப்பதன் விலை தெரிந்தவர்கள். அதே மலையில்தான் வெலிங்டன் பாரக்ஸும் இருக்கிறது. இரண்டு கதையையும் சேர்த்துக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் எது?

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019-ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே பிரதமர் மோடி, கொழும்பு அருகே இலங்கை எழுப்பிய அமைதிப்படை நினைவிடத்தில் மலர்வளையம் வைத்துவிட்டார். யாழ் ஆஸ்பத்திரி ஊழியர்களும் ஒவ்வொரு அக்டோபரிலும் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அங்கே போய் ஒரு இந்தியப் பிரதமர் ஒரு பூ வைக்கட்டும். வெலிங்டனின் மரியாதை அதனால் ஒரு இஞ்ச்கூடக் குறையாது.

டிஸ்கி: திட்டுபவர்கள் இரண்டு கோஷ்டியிலிருந்தும் வரலாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.