ஒரே ஸ்கேனை வைத்துக் கருவைக் கலைக்கச் சொல்லலாமா?



‘பை மட்டும்தான் தெரியுது, கருவுல துடிப்பு இல்ல, மாத்திரை போட்டுச் சுத்தம் பண்ணிடலாம்.’ முதல் ஸ்கேன் எடுத்த அன்றைக்கே இப்படிச் சொல்லி அனுப்புவதை எங்கள் பகுதியில் அடிக்கடி கேள்விப்படுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

கர்ப்பத்தின் வாரக்கணக்கைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆறு வாரம் என்றால் கருவின் வயது ஏறக்குறைய நான்கு வாரம்தான். அதுவும் 28 நாளுக்கொருமுறை ஒழுங்காக மாதவிலக்கு ஆகிறவர்களுக்கு. நீர்க்கட்டி இருந்து 40, 45 நாள் தள்ளி வருகிறவர்களுக்கும், பால் கொடுக்கும்போதே மறுபடி உண்டானவர்களுக்கும் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகும். பலருக்குத் தேதியே நினைவிருக்காது. ‘கோயில் கொடைக்கு முந்தின வாரம்’ என்பார்கள். அதை நம்பித்தான் அட்டையில் எழுதுகிறோம்.

உள்வழி ஸ்கேனில் துடிப்பு தெரிவதே ஆறாம் வாரத்தை ஒட்டித்தான். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம்போல ஆகும். ஆகவே துடிப்பு தெரியாததற்கு நாள் பத்தாததும் காரணமாக இருக்கலாம். உள்வழி ஸ்கேனில் கரு 7 மி.மீ. நீளம் எட்டியும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மி.மீ. விட்டம் எட்டியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனை வைத்துக் கர்ப்பம் நிலைக்காது என முடிவு கட்டலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2013-லேயே வரையறுத்து வெளியிட்டது. அந்த அளவை எட்டிய பிறகும் இன்னொருவர் பார்த்து உறுதிசெய்யவோ, குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கவோ சொல்கிறது இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி.

என் தங்கை மகளுக்குக் கரு 4 மி.மீ. அவளிடமும் மாத்திரைச் சீட்டைத்தான் நீட்டினார்கள். பத்து நாள் பொறுத்து வேறிடத்தில் பார்த்தபோது துடிப்பு இருந்தது. மறு ஸ்கேனிலும் துடிப்பு வராத கர்ப்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு, அவசரப்பட்டுக் கலைத்துவிட்டோமோ என்ற உறுத்தல் ஆயுளுக்கும் இருக்காது.

கடும் வயிற்றுவலி, மயக்கம், அதிக உதிரப்போக்கு இருந்தால் குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நான் பேசுவது உடல்நிலை சீராக உள்ளவர்களைப் பற்றி.

சிசுவின் பாலினத்தைத் தெரிவிக்க மாட்டோம் என்ற பலகை, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்கேன் மையங்கள்தோறும் தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே, சந்தேகமிருந்தால் மறு ஸ்கேன் கேட்பது உங்கள் உரிமை என்ற பலகையையும் மாட்டச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். கருவின் நீளம், பையின் அளவு, எந்த வழியாகப் பார்த்தது, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை, தங்கைமார்களே, மாத்திரையைக் கையில் வாங்கும் முன் கரு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தூத்துக்குடி மாவட்டம்.