போலீஸ் காரின் எதிரி சேஸிங் இல்லை... சும்மா நிற்பதுதான்!

ஹாலிவுட் படத்துல போலீஸ் காருக்கு ஒரே வேலைதான். சைரன் போட்டுப் பறக்கணும், வளைவுல டயர் கதறணும், கடைசியில் நாலைஞ்சு கார் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும். இதையே பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, 'நல்ல போலீஸ் கார் எது?' என்று யாராவது கேட்டால் நாம் முதலில் பேசுவது டாப் ஸ்பீடு பற்றித்தான். 2013-ல் துபாய் போலீஸ் லம்போர்கினி அவென்டடோரை இறக்கியபோது உலகமே வாயைப் பிளந்தது. இன்னைக்கும் அது ரீல்ஸில் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

ஆனால், ஒரு ரோந்து கார் தன் வாழ்நாளில் அதிகம் செய்யும் வேலை என்ன தெரியுமா? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒரே இடத்தில் சும்மா நிற்பது. போலீஸ் கார் எவ்வளவு நாள் தாங்கும், உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுமா என்பதையெல்லாம் அது ஓடுவதை வைத்து அல்ல, நிற்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொல்ல அமெரிக்காவைவிட நல்ல உதாரணம் இல்லை. ரோந்து என்றாலே கார்தான் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்கிற நாடு அது. வண்டிகள் எப்படி உழைத்தன, எப்படி உயிரை வாங்கின என்று இரண்டுக்கும் அங்கே பதிவு இருக்கு.

மீட்டரில் ஏறாத 260 கிலோமீட்டர்

2017-ல் ஃபோர்டு தன் முதல் ஹைபிரிட் போலீஸ் காரை அறிமுகப்படுத்தியபோது ஒரு கணக்கு சொன்னது. 8 மணி நேர ஷிஃப்ட்டில் ஒரு ரோந்து கார் சராசரியாக 4.9 மணி நேரம் ஐட்லிங்கில் நிற்கிறதாம். அதே ஃபோர்டு இன்னொன்றும் சொல்கிறது: இன்ஜின் தேய்மானத்தைப் பொறுத்தவரை ஒரு மணி நேர ஐட்லிங் என்பது சுமார் 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம்.

இரண்டையும் பெருக்கிப் பாருங்க. ஒரே ஷிஃப்ட்டில் கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் தேய்மானம். ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது!

'நின்னா எப்படித் தேயும்?' என்று தோணும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், பிரஷர் குறைவு. எரிபொருள் முழுசாக எரியாமல் கரி படியும், கொஞ்சம் ஆயிலிலேயே கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். வண்டி ஓடினால் முன்னாலிருந்து காற்று அடித்து ரேடியேட்டர் குளிரும். நின்றால் ஃபேன் மட்டும்தான் கதி. இதே நேரத்தில் மேலே சுழலும் விளக்கு, வயர்லெஸ், லேப்டாப், ஏசி என எல்லாவற்றுக்கும் ஆல்டர்னேட்டர் கரன்ட் கொடுத்தாகணும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் மாத்தினால் போதும் என்ற கணக்கு இங்கே சுத்தமாகப் பொய்த்துவிடும்.

அப்போ இன்ஜினை ஆஃப் பண்ண வேண்டியதுதானே? விபத்து நடந்த இடத்தில் விளக்கு எரியாமல் நிற்க முடியாது. அழைப்பு வந்த நொடியில் கிளம்பணும். மோப்ப நாய் உள்ளே இருக்கிற வண்டியில் வெயில் நேரத்தில் ஏசியை நிறுத்தினால் நாய் செத்தே போய்விடும். இது சோம்பேறித்தனம் இல்லை, டியூட்டியே அப்படித்தான்.

கிழவன் ஏன் தாங்கினான்?

அமெரிக்க போலீஸ் கார் என்றதும் உங்கள் மனதில் வரும் அந்த நீளமான, சப்பையான, கொஞ்சம் மந்தமான செடான் இருக்கே, அதுதான் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. செல்லமாக 'கிரவுன் விக்'. 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் தொழிற்சாலையில் கடைசி கார் வெளியே வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இதற்கு ரசிகர் மன்றம் உண்டு.

வேகத்தில் இது சூரப்புலி கிடையாது. 4.6 லிட்டர் வி8 இன்ஜின், கடைசிக் காலத்தில் 250 குதிரைத்திறன். அதே சைஸில் வந்த டாட்ஜ் சார்ஜரோடு போட்டி போட்டால் புழுதிதான் மிச்சம். ஆனால் அடியில் லாரி மாதிரி தனி சேஸிஸ், அதன் மேல் பாடி. நடைபாதைத் திட்டில் ஏறி இறங்கினாலும் முதுகெலும்பு சுலபத்தில் வளையாது. இடிபட்ட ஃபெண்டரைக் கழற்றி வேறொன்றைப் போட்டு அடுத்த ஷிஃப்ட்டுக்கு அனுப்பலாம். போலீஸுக்குப் போகும் கார்களில் பெரிய ஆல்டர்னேட்டர், கூடுதல் கூலிங், கெட்டியான சஸ்பென்ஷன், ஸ்டீல் வீல் எல்லாம் தொழிற்சாலையிலேயே வந்துவிடும். கியர் லிவர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் கம்ப்யூட்டர் வைக்கத் தாராளமாக இடம். பிற்காலத்தில் வந்த வண்டிகளில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரும் சேர்ந்தது. நிற்பதும் உழைப்புதான் என்று ஃபோர்டே ஒப்புக்கொண்ட மாதிரி.

இன்னொரு காரணத்தை யாரும் ரொமான்டிக்காகப் பேச மாட்டார்கள். வருஷக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த கார் இது. எல்லா ஊர் மெக்கானிக்குக்கும் அதன் ஒவ்வொரு நட்டும் தெரியும். பழைய வண்டியின் பாகம் புது வண்டியில் பொருந்தும். போலீஸ் கழித்துவிட்ட கார்கள் ஏலத்தில் போய், பல ஊர்களில் டாக்ஸியாக இன்னொரு ஆயுசு ஓடின.

இவ்வளவு புகழ்ந்தாச்சு. ஆனால் நான் அந்த ரசிகர் மன்றத்தில் சேர மாட்டேன்.

நின்ற இடத்தில் வந்த தீ

கிரவுன் விக்கின் பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருந்தது. சாதாரணக் குடும்பம் ஒன்று இந்தக் காரை ஓட்டினால் இது பெரிய பிரச்னையாகத் தெரியாமல் போகலாம். போலீஸ்காரர் என்ன செய்வார்? ஹைவே ஓரத்தில் நிறுத்திவிட்டு வேறொரு வண்டியை விசாரிப்பார். பின்னாலிருந்து எவனோ 100 கிலோமீட்டருக்கு மேல் வந்து இடிப்பான். டேங்க் கிழிந்து தீப்பிடிக்கும். இப்படிப் பல போலீஸார் உள்ளேயே எரிந்து இறந்திருக்கிறார்கள். 2001-ல் பீனிக்ஸ் நகரில், பின்னால் வந்த டாக்ஸி மோதியதில் ஒரு அதிகாரியின் கார் தீப்பந்தமானது. அவர் உயிர் பிழைத்தார், முகம் முழுக்கத் தீக்காயங்களோடு.

அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. 2002-ல் 'வடிவமைப்புக் குறை என்று சொல்ல முடியாது' என்று ஃபைலை மூடியது. காரணம், அன்றைய விதிப்படி பின்பக்க மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தான். அந்தப் பரீட்சையில் கார் பாஸ்! ரோட்டில் நடக்கும் பரீட்சை வேற என்பதை யார் கேட்பது? டேங்கைச் சுற்றிக் கூர்மையான பாகங்களுக்குத் தடுப்பு, பிறகு 2005 மாடலில் தீயணைப்பு சிஸ்டம் என்று ஃபோர்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அடுத்து வந்த போலீஸ் கார்களை மணிக்கு 120 கிலோமீட்டர் பின்பக்க மோதலுக்குச் சோதித்ததாகவே விளம்பரம் செய்தது. இன்ஜின் 3 லட்சம் கிலோமீட்டர் தாங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் நின்றுகொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவரைத் தாங்காத காரை 'ஸ்ட்ராங்' என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

கிரவுன் விக்குக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவி. இதில் பிரச்னை தீயில்லை, புகை. 2017 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகர போலீஸ் தன்னிடமிருந்த கிட்டத்தட்ட 400 எக்ஸ்ப்ளோரர்களையும் ஒரே மூச்சில் ரோட்டிலிருந்து எடுத்தது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறது, அதிகாரிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது என்று புகார். ஃபோர்டு சொன்ன விளக்கம்தான் சுவாரஸ்யம்: விளக்கு, வயரிங் மாட்ட வெளியில் கொடுத்துப் பின்பக்கம் போட்ட ஓட்டைகளைச் சரியாக அடைக்கவில்லை. பாதுகாப்பு அமைப்பின் விசாரணையும் பல வருஷம் இழுத்து 2023-ல் ரீகால் இல்லாமலேயே முடிந்தது. என் கேள்வி வேற. போலீஸ் கார் என்றால் ஓட்டை போட்டு விளக்கு மாட்டுவார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்கக் கதை போதும், பிரிட்டனுக்கு வருவோம். அங்கே ஹைவே ரோந்துக்கு பிஎம்டபிள்யூதான் ஹீரோ. 2020 ஜனவரியில் கும்ப்ரியா பகுதியில் எம்6 நெடுஞ்சாலையில் அவசர அழைப்புக்காகப் போய்க்கொண்டிருந்த போலீஸ் பிஎம்டபிள்யூவின் டீசல் இன்ஜின் உடைந்து, தீப்பிடித்து, கார் நொறுங்கியது. ஓட்டிய காவலர் இறந்துபோனார். என்57 என்ற அந்த இன்ஜின் இருந்த போலீஸ் கார்களுக்கு வேகக் கட்டுப்பாடு வந்தது. 2023 தொடக்கத்தில் பிரிட்டிஷ் போலீஸுக்கு கார் விற்பதையே பிஎம்டபிள்யூ நிறுத்துகிறது என்ற செய்தியும் வந்தது. போலீஸ் இந்தக் கார்களைப் பயன்படுத்தும் விதமே தனி, சாதாரண வாடிக்கையாளர்கள் கவலைப்பட வேண்டாம் என்பது நிறுவனத்தின் நிலை. அந்தத் 'தனி விதம்' என்ன? மணிக்கணக்கில் ஐட்லிங், அடுத்த நிமிஷம் ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொடும் வரை மிதி. மறுபடியும் ஐட்லிங். ஜெர்மன் இன்ஜினியரிங்கின் பெருமைக்குரிய இன்ஜினுக்கே இதுதான் சோதனை.

மற்ற கார்களைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். டாட்ஜ் சார்ஜர் வேகத்தில் கில்லி. ஆனால் ஐட்லிங் அதிகமானால் அதன் ஹெமி இன்ஜினில் லிஃப்டர் தேயும் என்பது மெக்கானிக்குகள் மத்தியில் பழகிப்போன புலம்பல். செவ்ரோலே காப்ரீஸ் ஓட்ட அருமையான கார். செய்தது ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் நிறுவனம். 2017-ல் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள், கதை முடிஞ்சது. செவ்ரோலே டாஹோ இன்னும் தனி சேஸிஸோடு வருகிறது. கிரவுன் விக்கின் உண்மையான வாரிசு அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோணுது, அதன் பெட்ரோல் பசியை மட்டும் மன்னித்துவிட்டால்.

நிற்பதற்கென்றே ஒரு கார்

எனக்கு நம்பிக்கை கொடுப்பது ஹைபிரிட். 2020 மாடல் எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டியில் ஃபோர்டு ஹைபிரிட்டையே அடிப்படை இன்ஜினாக வைத்தது. வண்டி நிற்கும்போது விளக்கு, வயர்லெஸ், கம்ப்யூட்டர் எல்லாம் பேட்டரியில் ஓடும். சார்ஜ் குறைந்தால் மட்டும் இன்ஜின் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். 4.9 மணி நேரத்தில் பெரும்பகுதி இன்ஜினுக்கு ஓய்வு. சுத்தியலும் ஸ்பேனரும் வைத்து கிரவுன் விக்கைச் சரிபண்ணிய மெக்கானிக்குக்கு இது தலைவலிதான், விலையும் கூடுதல்தான். இருந்தாலும், போலீஸ் கார் நிற்கும் என்ற உண்மையை முதலில் ஒத்துக்கிட்டு அப்புறம் வரைந்த டிசைன் இது.

நம்ம ஊருக்கும் இதில் பாடம் இருக்கு. இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது சிக்னல் ஓரமாக ரோந்து வண்டி நிற்பதைப் பார்ப்பேன். மேலே நீலமும் சிவப்பும் சுத்தும், இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து, 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்பது விதி. கவச வாகனம் போன்ற சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மாசைக் குறைக்கக் கொண்டுவந்த விதி, அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பார்ப்பது வண்டியின் வயசை மட்டும். ஓர் அலுவலகத்தில் வாரம் இரண்டு தடவை மீட்டிங்குக்குப் போய்வரும் காரும், தினமும் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டு நிற்கும் ரோந்து வண்டியும் அந்தக் கணக்கில் ஒரே வயசு.

கிராமத்துல செகண்ட் ஹேண்ட் ஜேசிபி வாங்கப் போகிறவரைக் கேளுங்க. 'எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு?' என்று அவர் கேட்கவே மாட்டார். 'எத்தனை மணி நேரம்?' என்றுதான் கேட்பார். வாடகை, ஆயில், சர்வீஸ் எல்லாமே மணிக்கணக்குதான், அதற்கென்று மீட்டரே இருக்கு. இன்றைய கார்கள் பலவற்றின் இன்ஜின் கம்ப்யூட்டரிலும் இந்தக் கணக்கு ஏற்கெனவே பதிவாகிறது. எடுத்துப் பார்த்து லாக் புக்கில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு எழுதினால் போதும். ரோந்து வண்டிக்கு எப்போது ஆயில் மாத்தணும், எப்போது கழிக்கணும் என்பதை அந்தக் கட்டமே சொல்லிவிடும்.