சொல் தெரியாத பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதா?

ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டுகளுக்கு மேற் கழித்தவன் தன் தவறுகளைச் சொல்லப் புகுந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. ஆயினும், அவற்றுள் ஒன்றை இவ்வாரம் வாசகர்முன் வைக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இருமொழி வகுப்பொன்றிலே பைதகரஸ் தேற்றத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதுவரை தமிழிலேயே கணிதம் பயின்று, அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் பின்வாங்கில் இருந்தான். கரும்பலகையில் முக்கோணமொன்றை வரைந்து, 'இதில் ஹைப்பொத்தனியூஸ் எது?' என்று அவனை வினவினேன். எழுந்து நின்றான், வாய் திறந்தானல்லன். மறுநாளும் அவ்வாறே. அத்தவணை முன்னேற்ற அறிக்கையில், 'கணிதத்தில் ஆற்றல் குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் இட்டேன்.

பின்னர் ஒரு மாலை விளையாட்டுத் திடலோரத்திலே, தன்னிலும் இளையவன் ஒருவனுக்கு அவன் மண்ணிற் படம் கீறி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அருகிற் சென்று கேட்டேன். செங்கோணத்துக்கு எதிரேயுள்ள செம்பக்கத்தின் வர்க்கம் மற்றை இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டியதற்குச் சமன் என்று, 3, 4, 5 என்னும் எண்களைக் கொண்டு தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். 'இதை ஏன் அன்று வகுப்பிற் சொல்லவில்லை?' என்றேன். “நீங்கள் கேட்டது செம்பக்கத்தைத்தான் எண்டு எனக்கு விளங்கேல்லை, சேர்” என்றான்.

அவன் அறியாதிருந்தது ஒரே ஒரு சொல். அதற்காக அவனுக்குக் கணிதமே தெரியாதெனத் தீர்ப்பெழுதிவிட்டேன்.

அன்று தொடக்கம், பிறநாட்டுப் பிள்ளைகள் இத்தகைய இக்கட்டை எவ்வாறு கடக்கின்றனர் என அறிய அவாவினேன். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உண்டு. அங்கே 4 கோடிக்கும் மேற்பட்டோர் தம் வீடுகளில் ஸ்பானிய மொழி பேசுகின்றனர். மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலே ஸ்பானிய மொழியிலும் பள்ளியிலே ஆங்கிலத்திலும் கணக்கைக் கேட்கின்றனர்.

இப்பிள்ளைகளின் நிலைமையில் ஒரு விசித்திரம் உண்டு. பெரிய சொற்கள் அவர்களுக்கு எளியன; சிறிய சொற்களே இடறுவன. ஆங்கிலத்தின் கணிதச் சொற்களுட் பல இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை. ஸ்பானிய மொழியோ இலத்தீனின் நேர் மகள். ஆகவே என் மாணவனைத் திகைக்க வைத்த ஹைப்பொத்தனியூஸ் அவர்களுக்கு 'இப்பொத்தெனூசா'. பின்னமாகிய பிராக்ஷன் 'பிராக்சியோன்'. கேட்ட மாத்திரத்தே உறவு தெரிகின்றது.

ஆனால், ஒற்றை எண்ணைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'ஒட்' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கு 'விநோதமான' என்ற பொருளும் உண்டு. ஸ்பானிய மொழியில் ஒற்றை எண் 'இம்பார்', இரட்டை எண் 'பார்'. ஏழும் ஒன்பதும் விநோதமானவை என்று ஆசிரியர் ஏன் சொல்கிறார் எனப் புதிதாக வந்த பிள்ளை மயங்குதல் இயல்பே. செங்கோணத்தை ஆங்கிலத்தில் 'றைற் ஆங்கிள்' என்பர். 'றைற்' என்றால் வலது என்று மட்டும் அறிந்த குழந்தை, மறுபக்கம் திரும்பிய செங்கோணத்தைக் கண்டு, 'இஃது இடக்கோணமா?' என்று கேட்டால் நாம் நகைக்கலாமா? ஸ்பானியர் அதனை நேரிய கோணம் என்ற பொருளில் 'ஆங்குலோ றெக்தோ' என்பர். நம் செங்கோணத்தின் முன்னுள்ள செம்மையும் அந்த நேர்மையே.

பெருக்கல் வாய்பாட்டுக்கும் உணவருந்தும் மேசைக்கும் ஆங்கிலத்தில் 'டேபிள்' என ஒரே சொல். ஸ்பானிய மொழியில் வாய்பாடு 'தாப்லா', மேசை 'மேசா'. போர்த்துக்கேயர் நமக்குத் தந்துபோன மேசை என்ற சொல் இந்த 'மேசா'வின் உடன்பிறப்பு என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இனி, ஆறை இரண்டால் வகுப்பதை ஸ்பானிய மொழி பேசுவோர் 'செயிஸ் எந்த்ரே தோஸ்' என்பர். 'எந்த்ரே' என்றால் சாதாரண பேச்சில் 'இடையில்' என்று பொருள். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கும் பிள்ளை, 'ஆறுக்கும் இரண்டுக்கும் இடையில்' என்று சொல்லி ஆசிரியரைக் குழப்பிவிடும். அதன் மனத்திலோ விடை மூன்று என்பது சரியாகவே நிற்கும்.

எண்களும் ஏமாற்றும். ஆங்கிலத்திற் பில்லியன் என்பது இன்று ஆயிரம் மில்லியன். அதே ஒலியையுடைய ஸ்பானியச் சொல்லுக்கோ ஒரு மில்லியன் மில்லியன் என்று பொருள். பிரித்தானிய அரசும் 1974ஆம் ஆண்டுவரை பில்லியனை இப்பெரும் பொருளிலேயே வழங்கிவந்தது. மேலும் ஸ்பெயின் நாட்டிலே தசமத்தைக் காற்புள்ளியாற் காட்டுதலே நெடுங்கால வழக்கு; மெக்சிக்கோவிலோ நம்மைப் போலப் புள்ளியே. ஒரே மொழி பேசுவோரிடையேயும் இவ்வேறுபாடு உண்டென்றால், பிள்ளைகளை நொந்து பயன் என்ன?

ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருத்தல் குற்றமன்று. நம் தமிழிலே 'கால்' என்பது நாலில் ஒரு பங்கு. நடக்கும் காலும் அதுவே. 'அரை' பாதியும் ஆகும், இடுப்பும் ஆகும். 'கால் இறாத்தல் சீனி வாங்கி வா' என்று சொன்னால் எந்தத் தமிழ்க் குழந்தையும் திகைப்பதில்லை. அம்மொழியிலேயே வளர்ந்தவருக்கு இடம் பொருளைக் காட்டிவிடுகின்றது. வெளியிலிருந்து வருபவருக்கே யாரேனும் காட்டவேண்டியிருக்கின்றது.

கற்றோரும் இவ்வாறு இடறியதுண்டு. கி.பி. 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்திலே 'ஜ்யா' என்றொரு சொல் வருகின்றது. வில்லின் நாண் என்பது அதன் பொருள். வட்டத்தின் நாணை நாமும் நாண் என்றே சொல்கின்றோமன்றோ? 'ஜீவா' என்றும் வழங்கிய அச்சொல் அரபு மொழிக்குச் சென்று 'ஜீபா' ஆயிற்று. அரபு எழுத்தில் குற்றுயிர்கள் எழுதப்படாமையால், பின்வந்தோர் அதனை 'ஜைப்' என வாசித்தனர். அதற்கு மார்பு, ஆடையின் மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலே அரபு நூல்களை இலத்தீனுக்குப் பெயர்த்த அறிஞர்கள், அதே பொருள்படும் 'சைனஸ்' என்ற சொல்லை இட்டனர். அதுவே ஸ்பானிய மொழியில் 'சேனோ' ஆகி, ஆங்கிலத்தில் 'சைன்' ஆகி, இன்று நம் வகுப்புக்குத் திரும்பியிருக்கின்றது. சொல் வழிதவறியது, கணிதம் தவறவில்லை.

சொல்லினாற் கணிதத்தை அளப்பதன் கொடுமையை அனுபவித்தறிந்தவர் ஹைமே எஸ்கலாந்தே என்னும் ஆசிரியர். 1930இல் பொலிவியா நாட்டிலே பிறந்து, அங்கே கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். 1960களில் அமெரிக்கா சென்றபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடைய ஆசிரியத் தகுதியும் அங்கே செல்லவில்லை. சமன்பாடுகளை விளக்கிய அவர் உணவுச்சாலையொன்றின் தரையைத் துடைத்தார். ஆங்கிலத்தைக் கற்று, மீண்டும் படித்து, 1974இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்கேயுள்ள கார்பீல்ட் உயர்பள்ளியில் ஆசிரியரானார். அங்கு பயின்றோரிற் பெரும்பாலோர் மெக்சிக்கோ வழிவந்த ஏழைப் பிள்ளைகள். 1982இல் அவர்களுள் 18 பேர் நுண்கணிதத்திலே கடினமான தேர்வொன்றிற் சித்தியெய்தினர். தேர்வு நடத்தியோர் 14 பேர்மீது ஐயங்கொண்டனர். 12 பேர் மறுமுறை எழுதினர், பன்னிருவரும் சித்தியடைந்தனர்.

எம்மொழியிற் கற்பிப்பது என்பதில் அந்நாட்டிலும் பெரும் வாதம் நிகழ்ந்தது. கலிபோர்னியா மாநில மக்கள் 1998இல் வாக்களித்து இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கினர். 2016இல் மீண்டும் வாக்களித்து அத்தடையை நீக்கினர். ஆங்கிலத்தைப் பிள்ளைகள் விரைந்து கற்கவேண்டும் என்று எண்ணிய எஸ்கலாந்தே முதற்சட்டத்தை ஆதரித்தவர். அவ்வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எம்மொழி வகுப்பாயினும், சொல்லுக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியன் அறிந்திருத்தல் வேண்டும்.

ஸ்பானியப் பிள்ளைக்குப் பெரிய சொற்களேனும் உறவினர். நம் பிள்ளைக்குச் செம்பக்கத்துக்கும் ஹைப்பொத்தனியூசுக்கும் ஓரெழுத்து உறவும் இல்லை. ஆதலின் நாம் இருமடங்கு கவனம் எடுத்தல் கடன். நான் இப்பொழுது என் வகுப்பிற் செய்வது இது: ஒவ்வொரு மாணவனும் கொப்பியொன்றில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி, நடுவிலே அதற்குரிய படத்தையோ உதாரணத்தையோ இடுகின்றான். பெரிய சொற்களோடு நில்லாமல் சிறியவற்றையும் எழுதச் சொல்கின்றேன். விலை பத்து ரூபாவால் உயர்ந்தது என்பதற்கும் பத்து ரூபாவாக உயர்ந்தது என்பதற்கும் உள்ள வேற்றுமையை ஆங்கிலத்திலே இரண்டு சின்னஞ்சிறு சொற்களே தாங்கிநிற்கின்றன. ஒருவன் விடை சொல்லத் தயங்கினால், 'தமிழிற் சொல்' என்கின்றேன். அவன் தமிழிற் சொன்ன பிறகு ஆங்கிலச் சொல்லை நான் கொடுக்கின்றேன்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். தமக்கு ஆங்கிலம் வராதென்று ஒதுங்காமல், 'இன்று படித்த கணக்கை எனக்குத் தமிழில் விளக்கு' என்று பிள்ளையைக் கேட்கலாம். விளக்க முடிந்தால் அதற்குக் கணக்கு வந்துவிட்டது; வேண்டியது சொல் மட்டுமே.

அடுத்த தவணை அம்மாணவனின் அறிக்கையில், 'நன்றாகச் சிந்திக்கின்றான்' என்று எழுதினேன். முதலில் எழுதியதை அழிக்க இயலவில்லை. அந்தத் தாள் அவன் வீட்டுப் பெட்டியில் இன்னும் என் கையெழுத்தோடு இருக்கக்கூடும்.