பைக் டாக்சியில் விழுந்தால் யார் பொறுப்பு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் யாராவது செல்போன் ஆப்பில் பைக்கோ ஆட்டோவோ காரோ பிடித்துப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம். இப்போது 32 வயது. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஒருநாள் கடைக்கு நேரமாகிவிட்டதென்று ஆப்பில் பைக் டாக்சி பிடித்திருக்கிறாள். ஓட்டிய பையன் வண்டியில் மாட்டியிருந்த போனில் வழி பார்த்துக்கொண்டே போனதில் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வண்டி சாய்ந்தது. அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குக் கடையில் சம்பளமும் கிடையாது.

நான் பார்க்கப் போனபோது வார்டுக்கு வெளியே அந்தப் பையனும் அவன் அப்பாவும் நின்றிருந்தார்கள். அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். கையில் ஒரு கவர். அதில் 15,000 ரூபாய். "கேஸ் மட்டும் வேண்டாம் சார். பையன் வாழ்க்கை போயிடும். நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேட்கும்" என்றார். பையன் அழுதுகொண்டிருந்தான்.

நானும் உள்ளே போய், "விட்டுடும்மா, அவனும் உன்னை மாதிரி கஷ்டப்படுற வீட்டுப் பிள்ளைதான்" என்று சொன்னேன். வாத்தியார் சொன்னதால் அவளும் தலையாட்டினாள். காவல் நிலையத்துக்கு யாரும் போகவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "சார், யார் பாவம்னு பாத்தீங்க. யார் பணம் கட்டணும்னு பாத்தீங்களா?"

அவன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். விபத்து இழப்பீட்டைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் வழி வகுத்திருக்கிறது. ஒன்று 2009-இல் வந்த சரளா வர்மா வழக்கு. மற்றது 2017-இல் வந்த பிரணய் சேத்தி வழக்கு. 31 முதல் 35 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கும் எண் 16. மாதம் 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000. அதை 16-ஆல் பெருக்கினால் 26,88,000. காலில் குறை தங்கி, அவளுடைய உழைக்கும் திறன் 20 சதவீதம் குறைந்துவிட்டதாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் 5,37,600. எதிர்காலத்தில் உயரக்கூடிய வருமானத்துக்காக, 40 வயதுக்குட்பட்ட சம்பளக்காரருக்கு 40 சதவீதம் கூட்டிக் கேட்கலாம். மொத்தம் 7,52,640. வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வலி எல்லாம் இதற்கு மேல். குறை எவ்வளவு என்பதை மருத்துவக் குழுவும் தீர்ப்பாயமும்தான் முடிவு செய்யும். ஆனால் 15,000 எங்கே, இது எங்கே? நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், இந்தக் கணக்கைப் போடாமலே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

உடனே போய்ப் புகார் கொடுத்தோம். தாமதத்துக்குக் காரணமும் எழுதிக் கொடுத்தோம். விபத்தன்றே மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். காப்பி எங்களைக் காப்பாற்றியது. எந்தத் தேதி, எப்படி விழுந்தாள், என்ன காயம் என்பது அதில் இருந்தது.

இனி, இந்த அலைச்சலில் நான் தெரிந்துகொண்டவை.

மோட்டார் வாகன விபத்துக்கு இழப்பீடு கேட்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் போட்டால் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். 164-ஆம் பிரிவில் போட்டால் யார் தவறு என்று காட்டத் தேவையில்லை. மரணத்துக்கு 5 லட்சம், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று தொகை குறித்திருக்கிறது. ஆனால் 164-இல் பணத்தை வாங்கிக்கொண்டால் 166-இல் போட்ட மனு முடிந்துபோகும். அதனால் எது என்பதை வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கெடு ஆறு மாதம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது உண்மை. அதை நம்பி யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

பயணியாகப் போனவர் மேல் தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு வண்டிகள் மோதி, இரண்டு ஓட்டுநர் மேலும் தவறு என்றால், முழுத் தொகையையும் ஏதாவது ஒரு தரப்பிடமே கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. அவர்களுக்குள் எவ்வளவு பங்கு என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள டாக்சியோ ஆட்டோவோ என்றால் அதன் காப்பீட்டில் பயணியும் அடங்குவார். பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி என்றால்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது.

சிக்கல் வெள்ளை நம்பர் பிளேட் பைக்கில்தான். எங்கள் வழக்கிலும் அதுதான் சிக்கல்.

பையனின் வண்டிக் காப்பீட்டை வாங்கிப் பார்த்தோம். வண்டி அப்பா பேரில். பாலிசி தேர்டு பார்ட்டி மட்டும். ரோட்டில் போகிறவர் மேல் மோதியிருந்தால் அந்தப் பாலிசி பணம் கொடுக்கும். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குக் கொடுக்காது. 2006-இலேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் "சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி, நீங்கள் வாடகைக்கு ஓட்டியிருக்கிறீர்கள்" என்று நிறுவனம் மல்லுக்கு நிற்கும். நம் தெருவில் நிற்கும் வெள்ளை பிளேட் பைக்குகளில் எத்தனை பேர் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பணம் யார் கொடுப்பது? வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர். அந்தக் காய்கறிக்காரர். தீர்ப்புத் தொகையைக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவரிடம் என்ன இருக்கிறது வசூலிக்க? தள்ளுவண்டியும் தராசும்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பில் போடும் பெண். மறுபக்கம் காய்கறி விற்பவர். இருவரும் தீர்ப்பாயத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். அவள் ஜெயித்தால் அவர் அழிவார். அவர் தப்பித்தால் அவள் அழிவாள். இந்த இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டவர் மட்டும் அந்த அறையில் இல்லை.

ஆப் நிறுவனத்துக்கு மெயில் போட்டோம். பதில் வந்தது. ஓட்டுநரையும் பயணியையும் இணைக்கும் தொழில்நுட்பத் தளம் மட்டுமே தாங்கள், விபத்துக்குப் பொறுப்பில்லை, விரைவில் குணமடைய வாழ்த்துகள். அவ்வளவுதான்.

இணைப்பவர் மட்டும்தானா? கட்டணத்தை முடிவு செய்வது யார்? ஆப். எந்தப் பயணிக்கு எந்த ஓட்டுநர் என்று முடிவு செய்வது யார்? ஆப். நட்சத்திரம் குறைந்தால் பையனை வேலையிலிருந்து நிறுத்துவது யார்? ஆப். கமிஷனாகவோ சந்தாவாகவோ காசு வாங்குவது யார்? ஆப். ஓடும்போதே போனைப் பார்க்க வைப்பதும் அதே ஆப்தான். வண்டி சாயும் நொடியில் மட்டும் அது வெறும் பாலமாகிவிடுகிறது.

2021-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் இதே போன்ற காரணங்களைப் பார்த்துத்தான், அவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, நிறுவனத்தின் தொழிலாளர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அது ஓட்டுநர் உரிமை பற்றிய வழக்கு. ஆனால் பிடி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

நம் சட்டம் 2019 திருத்தத்தில் இந்த நிறுவனங்களைப் பேர் சொல்லி உள்ளே கொண்டுவந்தது. 93-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். இல்லாமல் நடத்தினால் 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம். ஆனால் அவர்களை 'டிஜிட்டல் இடைத்தரகர்' என்ற பொருளில்தான் சட்டம் வரையறுக்கிறது. இழப்பீட்டுப் பிரிவுகள் வண்டி உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் குறித்தே பேசுகின்றன. 2025-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலோ, வெள்ளை பிளேட் பைக்கை இதற்கு அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டிருக்கிறது. விழுபவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

என் கருத்து இதுதான். பயணத்துக்குக் காசு வாங்குகிறவர் இழப்பீட்டிலும் உரிமையாளரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அதைச் சட்டத்தில் எழுத வேண்டும். அதுவரை, பின்னால் உட்காரும் பயணிக்குக் காப்பீடு இல்லாத எந்த வண்டியையும் ஆப்பில் சேர்க்கக் கூடாது என்றாவது அரசு கண்டிப்புக் காட்ட வேண்டும். லைசென்சைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறவர்களுக்குப் பாலிசியைப் படித்துப் பார்ப்பது பெரிய வேலையா?

"இப்படியெல்லாம் கேட்டால் கட்டணம் ஏறும், பையன்கள் வேலை போகும்" என்று சிலர் சொல்வார்கள். கட்டணம் கொஞ்சம் ஏறட்டும். இன்றைக்கு மலிவாக இருப்பதன் காரணம், விபத்தின் செலவை அந்தப் பெண்ணின் காலும் அந்த அப்பாவின் தராசும் சுமப்பதுதான்.

கடைசியாகச் சில காரியங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். விபத்து நடந்தால் பயண விவரம், ஓட்டுநர் பெயர், வண்டி எண், கட்டணம் எல்லாவற்றையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பயணத்துக்கு ஆப்பில் காப்பீடு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனையில் "கீழே விழுந்துவிட்டேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வண்டியில் எப்படி என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் உண்டு. எஃப்.ஐ.ஆர். போடாமல் இருக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரோடு ஆப் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கொடுத்துச் சேவை பெற்றவர் என்ற முறையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

நாங்களும் ஆப் நிறுவனத்தைச் சேர்த்துத்தான் மனுப் போட்டிருக்கிறோம். தீர்ப்பாயம் என்ன சொல்லும் என்று தெரியாது. மனுப் போட்ட அன்று அந்தக் காய்கறிக்காரர் வாசலில் என்னைப் பார்த்து, "நீங்களுமா சார்?" என்று கேட்டார். உங்களைத் தப்ப வைக்கவும்தான் ஐயா அந்த நாலாவது பெயர் என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை.

அந்தப் பெண் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். கடைக்குப் பஸ்ஸில்தான் போகிறாள்.

உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். ஊர், நிறுவனம், ஆள் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.