கேட்டுச் செய்க!

எங்கள் செட்டியார்பட்டியில் ஒரு தெருவில் நின்று "மாரியம்மாள்" என்று கூப்பிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து பதில் வரும். ஊராருக்கு இதில் குழப்பமே இல்லை. "எந்த மாரியம்மாள்?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள், தீர்ந்தது. பெயர்ப் பட்டியலைச் சரிசெய்யும் கணினியும் அப்படி ஒரு கேள்வி கேட்டால் என்ன?

கேட்க வழியில்லாமல் இல்லை. எழுத்துகளை வரிவரியாகப் படித்து ஒழுங்குபடுத்தும் 'ஆக்' என்னும் கணினி மொழி, 1977-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை ஆக்கிய ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரின் முதலெழுத்துகளே அதன் பெயர். 1985-இல் வந்த புதிய வடிவில் 'கெட்லைன்' என்ற கட்டளை உண்டு. நடக்கும் வேலையைச் சற்றே நிறுத்தி, வேறோர் இடத்திலிருந்து ஒரு வரி வாங்கிவர அது உதவும். அந்த இடம், மனிதன் அமர்ந்திருக்கும் விசைப்பலகையாகவும் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பட்டியல் வந்துகொண்டிருக்கும் வாசலிலேயே மனிதனின் பதிலையும் எதிர்பார்த்தால், அடுத்த பெயரையே பதில் என்று எண்ணிக் கணினி விழுங்கிவிடும். ஆகவே பட்டியலுக்கு ஒரு வாசல், மனிதனுக்கு ஒரு வாசல் என்று பிரித்துவிட வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் '/டெவ்/டிடிஒய்' என்பது அந்த இரண்டாம் வாசல். வரி கிடைத்தால் 1, இனி வரி இல்லையென்றால் 0, பிழையென்றால் -1 என்று கெட்லைன் தெரிவிக்கும். 1 வந்து, வந்த வரியும் "ஆம்" என்று இருந்தாலொழிய எந்தப் பெயரையும் நீக்கலாகாது என்பேன்.

"ஆயிரம் பெயருக்கும் நின்று நின்று கேட்டால் வேலை என்று முடியும்?" என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றுக்கும் கேட்கச் சொல்லவில்லை. ஐயம் எழும் இடத்தில் மட்டும் கேட்டால் போதும். பெயர் ஒன்றாயிருந்து தகப்பனார் பெயர் வேறாயிருந்தால் கேட்கட்டும். பதில் சொல்ல ஆளில்லாத இரவு வேளையா? பெயரை அப்படியே விட்டுவைத்து, ஐயத்தைத் தனித்தாளில் குறித்துவைக்கட்டும்.

கணினிக்கு அது ஒரு வரி. ஒரு மூதாட்டிக்கோ அது மாத உதவித்தொகை. அந்த வரி தவறாக அழிந்தால், ஒரு நாள் கூலியை இழந்து அவள் இராசபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். தான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். நம் அரை நிமிடச் சோம்பலுக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

நாளை நிரல் எழுதப்போகும் நண்பர்களே! விரைவாகச் செய்யும் கணினியைப் பலரும் ஆக்குவர். ஐயம் வந்தால் நின்று கேட்கும் கணினியை நாம் ஆக்குவோம்.