ஜார் கொடுத்ததும் ஜார் பறித்ததும்



மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் வண்ணக் குவிமாடத் தேவாலயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது எதன் நினைவுச் சின்னம் தெரியுமா? 1552-ல் கஸான் முஸ்லிம் அரசை ஜார் நான்காம் இவான் வீழ்த்திய வெற்றியின் சின்னம்!

1740-களில், அரசி எலிசபெத்தின் ஆட்சியில், கஸான் மாகாணத்தின் 536 பள்ளிவாசல்களில் 418 தகர்க்கப்பட்டன. அடுத்து வந்த அரசி இரண்டாம் கேத்தரின் கஸானில் கல்லால் பள்ளிவாசல் கட்ட அனுமதித்தார். 1787-ல் குர்ஆனையும் அச்சிட வைத்தார். அதே கேத்தரின்தான் 1783-ல் கிரிமியாவை விழுங்கியவர்! 1788-ல் அவர் அமைத்த மார்க்க சபைக்கு முஃப்தியை நியமித்ததும் அரசு. சம்பளம் கொடுத்ததும் அரசு!

சிந்தியுங்கள்! ஒருவர் இடித்தார், ஒருவர் கட்டச் சொன்னார். இரண்டும் அரண்மனையின் விருப்பம். சலுகை வேறு, உரிமை வேறு.

1905 ஆகஸ்டில் நிஸ்னி நோவ்கோரத் சந்தை நேரத்தில் ரஷ்ய முஸ்லிம்கள் மாநாடு கூட்ட முனைந்தனர். அனுமதி மறுக்கப்பட்டது. கலைந்தார்களா? இல்லை! ஓகா நதியில் கப்பலேறிக் கூடினார்கள். 1906-ல் டூமா என்ற நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார்கள். 1907-ல் ஜார் தேர்தல் சட்டத்தை மாற்றி அவர்களின் இடங்களைக் குறைத்தார். 1917-ல் ஜாரே இல்லை!

இளைஞர்களே, வணிகப் பெருமக்களே! அரண்மனை வாசலில் காத்திருந்தவர்களையா, கப்பலேறியவர்களையா, யாரை நாம் பின்பற்றப் போகிறோம்?